பழைய ஒலிபெருக்கியை வாங்கலாமா?

தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால், கொடி ஏறுவதற்கு முன்பே கம்பத்தில் ஒலிபெருக்கி ஏறிவிடுகிறது. திருமணமாயினும், தொழிற்சங்கக் கூட்டமாயினும், தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டியாயினும் அதன் குரல் கேளாத நிகழ்ச்சி நம் தோட்டங்களில் அரிது. வீடுகளிலோ, வேலை முடிந்து குளித்து ஓய்வாக அமரும் வேளையில் மின்னல் எஃப்.எம். வானொலியின் செய்தியும் பாட்டும் நமக்குத் துணையாக அமைகின்றன.

அத்தகைய ஒலிபெருக்கி ஒருநாள் கரகரக்கத் தொடங்குகிறது. அல்லது அடியோடு ஓய்ந்துவிடுகிறது. உடனே எழும் பேச்சு, “புதியது ஒன்று வாங்கிவிடுவோம்” என்பதே. 2025 ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆனால் மழை நாள்களிலும், மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களிலும் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவிட வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கோயில் நிதியும் அப்படித்தான்; வீடு வீடாகச் சென்று பத்தும் இருபதுமாகச் சேர்த்த பணம் அது. ஆகவே, நல்ல பழைய ஒலிபெருக்கியைக் குறைந்த விலைக்கு வாங்குவது அறிவுடைமையா, அல்லது பிறர் கழித்துவிட்ட தொல்லையை விலை கொடுத்து ஏற்பதா என்பது ஆராய வேண்டிய கேள்வியாகும்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். ‘ஸ்பீக்கர்’ என்று நாம் பேச்சில் வழங்கும் ஒலிபெருக்கியானது, வீட்டுக் கருவிகளுள் மிக மெதுவாக மூப்படைவது. அது கெடும் இடங்கள் மூன்று நான்குதாம். அவ்விடங்களைச் சோதித்து அறிந்தவர் பழையதைத் துணிந்து வாங்கலாம். சோதிக்க வகை இல்லாதவர் புதியதை வாங்குவதே நலம்.

ஒலிபெருக்கியின் உள்ளமைப்பு எளியது. பின்புறத்தில் வட்டமான காந்தம் ஒன்று இருக்கிறது. காந்தத்தின் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருளோடு காகிதக் கூம்பு ஒட்டப்பட்டுள்ளது. ஒலியை வலுப்படுத்தித் தரும் கருவியாகிய ஆம்பிளிபயரிலிருந்து மின்சாரம் வரும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது; அதனோடு கூம்பும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வே நம் காதில் நாதஸ்வரமாகவும் செய்தியாகவும் ஒலிக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் வழியே இன்றைய ஒலிபெருக்கிகளில் மிகப் பலவும் இயங்குகின்றன. கைத்தொலைபேசி ஐந்தாண்டுகளில் பழசாகிவிடுகிறது. ஒலிபெருக்கியின் அடிப்படையோ ஒரு நூற்றாண்டு ஆகியும் மாறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கவனத்தோடு செய்யப்பட்ட பெட்டி, இன்று மலிவு விலையில் விற்கப்படும் புதிய பெட்டியைவிட நன்றாகப் பாடுவதற்குக் காரணம் இதுதான்.

காந்தம் நாளடைவில் வலுவிழந்துவிடாதா என்று பலர் கேட்கின்றனர். கீழே போட்டு உடைக்காமலும் தீயில் காட்டாமலும் இருந்தால், கரிய கல் போன்ற ஃபெரைட் காந்தம் நம் ஆயுட்காலத்தில் குறிப்பிடத்தக்க அளவு வலுவிழப்பதில்லை. அதற்கும் முந்திய பெட்டிகளில் அல்னிக்கோ என்னும் உலோகக் காந்தம் இருக்கும். அதற்குக் கோபால்ட் என்னும் உலோகம் தேவை. 1978 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஸாயிர் நாட்டுச் சுரங்க வட்டாரத்தில் போர் மூண்டபோது கோபால்ட்டின் விலை விண்ணை முட்டியது. நிறுவனங்கள் பலவும் ஃபெரைட்டுக்கு மாறிவிட்டன. அல்னிக்கோ என்ற பெயரைச் சொல்லி அதிக விலை கேட்கும் கடைக்காரர்களும் உண்டு. சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு அது பெருமையாக இருக்கலாம். நாம் அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, கெடும் இடங்களைக் காண்போம். இவற்றுள் முதன்மையானது கூம்பின் விளிம்பு. கூம்பின் வெளிவட்டத்தை இரும்புச் சட்டத்தோடு பிணைத்து, அது தாராளமாக அசைய இடங்கொடுக்கும் வளையமே விளிம்பாகும். 1970, 1980 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இவ்வளையம் நுரைப்பஞ்சினால் ஆனது. நுரைப்பஞ்சு பத்து முதல் இருபது ஆண்டுகளில் தானே மக்கிவிடும். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது இன்னும் விரைந்து கெடுகிறது. பெட்டியைப் பாடவிடாமல் துணி போர்த்தி வைத்திருந்தாலும் மக்கத்தான் செய்யும்.

இதை நாம் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் சார்ந்திருந்த மன்றம் ஒன்றின் கூடத்திற்காகப் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு சோடிப் பெட்டிகளைப் பேரம் பேசி வாங்கினோம். மரவேலை பளபளத்தது; எடையோ இருவர் தூக்க வேண்டிய எடை. கடையில் மெல்லிய ஓசையில் ஒரு பாட்டை வைத்துக் காட்டினர், இனிமையாகவே இருந்தது. முன்பக்கத்துத் துணியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடத்தில் வைத்து ஓசையைக் கூட்டியவுடன் தவிலின் முதல் அடியிலேயே படபடவென்று ஒரு சத்தம் எழுந்தது. துணியைக் கழற்றினோம். விளிம்பு இருந்த இடத்தில் கறுத்த தூள் மட்டுமே மிஞ்சியிருந்தது. விரல் பட்டதும் ஈரமான புகையிலைபோல் உதிர்ந்தது. அந்த ஆண்டு புத்தகம் வாங்க ஒதுக்கிய பணம் அதிலேயே போயிற்று. உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்துக் கணக்கு வாசித்த அந்த மாலையை நாம் இன்னும் மறக்கவில்லை.

எனினும், நுரைப்பஞ்சு மக்கிய ஒலிபெருக்கி செத்த ஒலிபெருக்கி அன்று. கூம்பும் சுருளும் நலமாக இருந்தால், அளவு பார்த்துப் புதிய வளையம் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பொறுமையும் நல்ல பசையும் உள்ள ஒருவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. அந்தப் பெட்டிகளையே பின்னர் அவ்வாறு சீர் செய்தோம். ஆனால், அந்தச் செலவையும் உழைப்பையும் விலையில் கழித்துப் பேசியிருக்க வேண்டும். விளிம்பு மக்கிவிட்டதை அறிந்து குறைந்த விலைக்கு வாங்குவது வாணிபம். அறியாமல் முழு விலை கொடுப்பது ஏமாற்றம்.

விளிம்பு ரப்பரால் ஆனதாயின் கவலை குறைவு, நெடுங்காலம் உழைக்கும். நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் ரப்பர்தானே என்று மகிழ்வதற்கு ஒரு சிறு தடை உண்டு. இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவிலும் வெடிப்பு விடுவதால், இவ்விளிம்புகளுக்குப் பெரும்பாலும் செயற்கை ரப்பரையே பயன்படுத்துகின்றனர். மருந்து பூசிய துணியால் ஆன நெளிவு விளிம்பும், கூம்பின் காகிதத்தையே நெளித்துச் செய்த விளிம்பும் இன்னும் உறுதியானவை. கூட்டங்களுக்குப் பயன்படும் பெரிய ஒலிபெருக்கிகளில் இவையே காணப்படும். துணி விளிம்புடைய பழைய பெட்டி கிடைத்தால் அதற்கே முதலிடம் தரலாம் என்பது நம் துணிபு.

அடுத்தது சுருள். அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் அது கருகி, அறுந்தோ கோணியோ போய்விடும். இதைக் கண்டறிய இரண்டு விரல்களே போதும். துணியைக் கழற்றிவிட்டு, கட்டை விரல்களைக் கூம்பின் நடுப்பகுதிக்கு இரு பக்கங்களிலும் சமமாக வைத்து, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விட வேண்டும். கூம்பு ஓசையின்றி உள்ளே சென்று திரும்பினால் நல்லது. மணலை உரசுவது போன்ற ஒலியோ, விரலில் ஓர் உராய்வோ தெரிந்தால், சுருள் கோணலாகிக் காந்தத்தில் உரசுகிறது என்று பொருள். அத்தகையதை வாங்கலாகாது.

பிறகு, கைவிளக்கில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றையும் இரண்டு துண்டுக் கம்பிகளையும் எடுத்துக்கொண்டு, பெட்டியின் பின்புறமுள்ள இரு முனைகளிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். ‘டப்’ என்ற ஒலியோடு பெரிய கூம்பு ஒருமுறை துள்ளினால் சுருளில் உயிர் இருக்கிறது. பேட்டரியின் கூட்டல் முனை சிவப்பு முனையில் பட்டால் கூம்பு வெளியே வருவதே பொது வழக்கம். சோடியில் ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் செல்லுமாயின், யாரோ உள்ளே கம்பியை மாற்றிக் கொடுத்திருக்கின்றனர். அப்படியே பாடவிட்டால் ஒன்றின் அசைவை மற்றது அழித்து, தவிலும் மிருதங்கமும் வலுவிழந்து ஒலிக்கும். ஆள் கெட்டவர் இல்லை, கம்பிதான் மாறியிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

வானொலி பழுது பார்க்கத் தெரிந்த நண்பர் எவரேனும் இருந்தால், அவரையும் அவருடைய மல்டிமீட்டரையும் உடன் அழைத்துச் செல்லலாம். 8 ஓம் என்று அச்சிட்ட ஒலிபெருக்கி மீட்டரில் ஏறத்தாழ 6 ஓம் காட்டும். இது குறையன்று, அப்படித்தான் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது.

மூன்றாவதாக, உச்ச ஒலிகளுக்கென்றே அமைந்த சிறிய ட்வீட்டர். இதுவே அடிக்கடி கருகிப் போவது. பெரிய ஆம்பிளிபயர்தான் ட்வீட்டரைக் கொல்லும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் வேறாக இருக்கிறது. சிறிய ஆம்பிளிபயரின் ஓசைக் குமிழை முற்றாகத் திருகி, பாட்டு இரைச்சலாகச் சிதையும்வரை ஓட்டும்போது, அந்தச் சிதைவே ட்வீட்டரைச் சூடேற்றிக் கருக்கிவிடுகிறது. கல்யாண வீட்டில் விடியவிடியப் பாடிய பெட்டியை வாங்குகிறவர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். சோதிப்பது எளிது: அமைதியான இடத்தில் ட்வீட்டரின் அருகே காதை வைத்துத் தாளத்தின் ஒலியைக் கேட்கவேண்டும். தெளிவாகக் கேட்டால் சரி. ஒன்றும் கேளாவிடில் ட்வீட்டரோ, அதற்கு முன்னுள்ள கண்டென்சரோ போயிருக்கும். சிறு உருளை வடிவான கண்டென்சர்கள் முப்பது ஆண்டுகளில் உலர்ந்துபோவது இயல்பு; புதியவற்றின் விலை சொற்பமே.

இறுதியாகக் காதுச் சோதனை. கடைக்காரர் வைக்கும் பாட்டைக் கேட்டு வாங்குதல் கூடாது; அவர் தம் பெட்டிக்கு ஏற்ற பாட்டையே வைப்பார். நமக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டு செல்ல வேண்டும். அதைவிடச் சிறந்தது வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல். மனிதக் குரலை நாம் பிறந்த நாள் முதல் கேட்டு வருகிறோம். அதில் ஏறும் கரகரப்பையோ மூக்கடைப்பையோ நம் காது உடனே கண்டுகொள்ளும். முதலில் மெல்லிய ஓசையிலும், பின் நாம் வழக்கமாகக் கேட்கும் ஓசையிலும், அதன்பின் சற்றுக் கூட்டியும் கேட்க வேண்டும். எங்களுக்கு நேர்ந்ததுபோல், மெல்லிய ஓசையில் மறைந்திருக்கும் குறை, ஓசை கூடினால்தான் வெளிப்படும்.

பெட்டியின் பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நீரில் ஊறினால் அடிப்பகுதி பொரிபோல் உப்பி, பின் உதிரும். ஒட்டுப் பலகைப் பெட்டி ஈரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் கறையான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எடையும் ஒரு சான்று. கேசட் வானொலிகளோடு வந்த மலிவான பெட்டிகள் சிலவற்றில் இரண்டு மூன்று வட்டங்கள் தெரியும்; உள்ளே பார்த்தால் ஒரே ஒரு சிறு ஒலிபெருக்கி, மற்றவை வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். கையில் தூக்கியதும் அவை தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

புளூடூத் பெட்டிகளைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. பேட்டரியும் ஆம்பிளிபயரும் மின்பலகையும் ஒன்றாகப் பூட்டப்பட்ட கருவி அது. ஒலிபெருக்கி நலமாக இருந்தாலும் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பலவற்றை எளிதாகத் திறந்து மாற்றவும் இயலாது. நாம் இதுவரை கூறியவை அதற்குப் பொருந்தா. அதைப் பழையதாக வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை.

வாங்கும் முன், வீட்டிலுள்ள ஆம்பிளிபயரின் பின்புறத்தில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு செல்வது அவசியம். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை ஒரே முனையில் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகிறது; ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் 16 ஓம். எழுதியுள்ள எண்ணுக்குக் கீழே இறங்கினால் ஆம்பிளிபயர் சூடேறிக் கெடும். மேலே போனால் ஓசை சற்றுக் குறையுமே தவிர ஆபத்தில்லை.

கோயில் கம்பத்திலும் மைதானத்திலும் பயன்படும் கூம்பு வடிவ ஹாரன் ஒலிபெருக்கிகள் தனி இனம். இவற்றைப் பழையனவாக வாங்குவதில்தான் மிகுந்த இலாபம் இருக்கிறது என்பது நம் அனுபவம். ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீட்டர் தொலைவில் வீட்டுப் பெட்டி ஏறத்தாழ 88 டெசிபல் ஒலி தருமாயின், ஹாரன் 108 டெசிபல் வரை தரவல்லது. அந்த 20 டெசிபல் வேறுபாட்டை வீட்டுப் பெட்டியில் ஈடுசெய்ய நூறு மடங்கு மின்சாரம் வேண்டும். விளம்பரத்தில் காணும் வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜப்பானின் டோவா, இந்தியாவின் அஹூஜா போன்ற நிறுவனங்களின் ஹாரன்களில் உள்ளிருக்கும் அதிர்தகடு மட்டும் கெட்டால், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அலுமினியக் கூம்பு நெளியாமல் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஹாரன்களுள் சில, நெடுந்தொலைவுக் கம்பிகளுக்கென 100 வோல்ட் முறையில் சிறு டிரான்ஸ்பார்மரோடு அமைந்தவை. மற்றவை 8 அல்லது 16 ஓம் கொண்டவை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். 100 வோல்ட் முறையில் 30 வாட்டுக்குரிய ஹாரனின் தடை ஏறத்தாழ 330 ஓம். வீட்டு ஆம்பிளிபயரில் இணைத்தால் கொசு பாடுவதுபோல் பாடும். கெட்டுவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கியெறிந்தவர்களும் உண்டு. மாறாக, 8 ஓம் ஹாரனை ஆம்பிளிபயரின் 100 வோல்ட் முனையில் இணைத்தால் அதன் சுருள் கருகிவிடும். நாம் அறிந்த தோட்டமொன்றில், திருவிழாவுக்கு முதல் நாள் மாலை இப்படி இரண்டு ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முதலாவது ஏன் போயிற்று என்று கேட்காமல் இரண்டாவதையும் அதே முனையில் இணைத்ததே காரணம். அன்றிரவு பூசாரியின் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. முனையின் அருகில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டே கம்பியைத் தொட வேண்டும்.

வாங்கியதைக் காப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் நான்கு விரற்கடை உயரமுள்ள கட்டையின் மேல் வைத்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால் ஈரம் ஏறாது. சன்னல் வெயில் கூம்பின்மேல் விழலாகாது. பின்புறத்தில் திறந்த துளை இருந்தால் மெல்லிய வலைத்துணியால் மூட வேண்டும். இல்லையேல் கரப்பானும் பல்லியும் குடியேறும். ஹாரனை மழைநீர் தேங்காதபடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்ட வேண்டும். திருவிழா முடிந்ததும் கழற்றிவிடுவது நல்லது. குளவி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் வேறில்லை.

கழற்றியதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பூட்டு இருக்கிறதே என்று, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலக் கலன்கள் இருக்கும் அறையிலேயே ஒலிபெருக்கிகளையும் வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வமிலத்தின் ஆவி செம்பை அரிக்கும். ஒலிபெருக்கியின் உயிர்நாடியோ தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி. புகைக்கூடத்தை ஒட்டிய அறையும் வேண்டா. கோயிலிலோ, செயலாளர் வீட்டிலோ உலர்ந்த மூலை ஒன்றே போதுமானது.

ஒரு வேலையை மட்டும் வாங்கிய அன்றே செய்துவிடலாம். தடித்த அட்டைத் துண்டு ஒன்றில் வாங்கிய தேதி, விலை, எத்தனை ஓம், எத்தனை வாட், 100 வோல்ட் முறையா இல்லையா, விளிம்பு எதனால் ஆனது, எப்போது மாற்றப்பட்டது ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிட வேண்டும். ஆண்டுதோறும் கோயில் நிர்வாகக் குழு மாறுகிறது. அடுத்து வருபவர் இருட்டில் கம்பியோடு நிற்கும்போது அந்த அட்டை அவருக்குப் பயன்படும்.